ஒரு நாள் வெளியூர்ப் பயணம்: டிரைவரோடு வண்டியா, நாமே ஓட்டுவதா, டூர் பஸ்ஸா, ரயிலா?

புதிய ஊரில் நான்கைந்து நாள் தங்குகிறோம். அந்த ஊரைப் பார்க்க இரண்டு நாள் போதும். மிச்ச நாட்களுக்குச் சுற்றுவட்டாரத்தில் மனதை இழுக்க ஏதாவது இருக்கும். 60 கிலோமீட்டரில் ஓர் அருவி, 100 கிலோமீட்டரில் ஒரு கோட்டை, அதற்கும் அப்பால் மலையுச்சியில் ஒரு பழைய மடாலயம். காலையில் கிளம்பி, பார்த்துவிட்டு, இரவு அதே அறைக்குத் திரும்பிவிட வேண்டும். சரி, எதில் போவது?

எங்கள் வீட்டில் பயணத் திட்டம் போடுவது என் பொறுப்பு. கூட வருபவர்களில் முழங்கால் வலி உள்ள அம்மா உண்டு. மலைப்பாதையில் நாலு வளைவு தாண்டினாலே வயிற்றைப் பிடித்துக்கொள்ளும் அக்கா மகன் உண்டு. அதனால் ஒவ்வொரு முறையும் இந்தக் கேள்விக்கு உட்கார்ந்து கணக்குப் போட்டுத்தான் பதில் கண்டுபிடிக்கிறேன். நாலு வழியிலும் போயிருக்கிறோம். நன்றாக அமைந்த நாளும் உண்டு, பயந்துபோய்த் திரும்பிய நாளும் உண்டு.

இத்தனைக்கும் பிறகு எனக்குத் தெளிவாகத் தெரிந்தது ஒன்றுதான். டிரைவரோடு வண்டி எடுக்கும்போது நாம் காசு கொடுப்பது ஓட்டத்துக்கு மட்டும் இல்லை, அவருடைய காத்திருப்புக்கும் சேர்த்துத்தான். ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போக ரயிலும் பஸ்ஸும் மலிவாகவே கிடைக்கின்றன. நாம் கோட்டையில் ஒன்றரை மணி நேரம் சுற்றும்போது கீழே ஒருவர் நமக்காக இருப்பதும், "இங்கே கொஞ்சம் நிறுத்துங்க" என்றதும் நிறுத்துவதும் மற்ற எதிலும் கிடைக்காது. ஆகவே நம் நாளுக்கு அந்தக் காத்திருப்பு தேவையா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

நிறுத்தங்களை எண்ணுங்கள்

பணத்தைப் பார்ப்பதற்கு முன்னால் நான் ஒரு தாளில் அன்றைக்கு எங்கெங்கே இறங்கப் போகிறோம் என்று எழுதிவிடுவேன்.

ஜப்பானில் கியோட்டோவில் தங்கிக்கொண்டு நாராவுக்குப் போகிற நாளை எடுத்துக்கொள்ளுங்கள். ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். நாராவில் பெரிய புத்தர் இருக்கும் தோடாய்ஜி கோயிலும் மான்கள் திரியும் பூங்காவும் நடந்து பார்க்கிற தொலைவில்தான் இருக்கின்றன. அங்கே இறங்குமிடம் ஒன்றே ஒன்று. அதற்கு டிரைவர் வைத்தால், நாள் முழுக்க ஒரு வண்டியைப் பார்க்கிங்கில் நிறுத்தி வைப்பதற்குத்தான் பணம் கொடுக்கிறோம்.

இதற்கு நேர்மாறான வழி ஜார்ஜியாவில் இருக்கிறது. தலைநகர் திபிலீசியிலிருந்து வடக்கே ஸ்டெபன்ட்ஸ்மிண்டா என்ற மலையூர் ஏறக்குறைய 150 கிலோமீட்டர். பழைய பெயரான கஸ்பேகி என்றே பலரும் இன்னும் சொல்கிறார்கள். திதுபே நிலையத்திலிருந்து மார்ஷ்ருட்கா என்கிற சிற்றுந்து அந்த ஊருக்குப் போகிறது, கட்டணமும் குறைவு. ஆனால் அந்தப் பாதையின் அழகெல்லாம் வழியில்தான் இருக்கிறது. ஜின்வாலி நீர்த்தேக்கத்தின் கரையில் அனானுரி கோட்டை, அப்புறம் குடாவுரி, அதற்கு மேலே பள்ளத்தாக்கைப் பார்த்தபடி 1983இல் கட்டிய வட்ட வடிவ நினைவுச்சின்னம், அப்புறம் ஏறத்தாழ 2,400 மீட்டர் உயரத்தில் ஜ்வாரி கணவாய். கடைசியில் ஊருக்கு மேலே, 2,170 மீட்டரில், கெர்கெட்டி தேவாலயம். சிற்றுந்துக்கு ஊர் போய்ச் சேர்வதுதான் வேலை. கோட்டையை ஜன்னல் வழியாகப் பார்த்துத் தலையைத் திருப்புவதற்குள் அது பின்னால் போய்விடும். ரஷ்ய எல்லைக்குப் போகும் லாரிகள் வரிசைகட்டி நிற்கிற பாதை அது. குளிர்காலத்தில் பனிச்சரிவு அபாயம் வந்தால் மூடியும் விடுவார்கள். அன்று காலை பாதை திறந்திருக்கிறதா என்று தெரிந்த உள்ளூர்க்காரர் ஒருவர் ஸ்டியரிங்கைப் பிடிப்பதுதான் அங்கே சரி.

இப்படித்தான் நான் பிரிக்கிறேன். ஒரே இடம், ரயில் நிலையத்துக்குப் பக்கம் என்றால் ரயில். இரண்டு மூன்று இடங்கள் சிதறிக்கிடக்கின்றன, நடுவில் பஸ் இல்லை என்றால் டிரைவர். இந்த இரண்டுக்கும் நடுவில் வருகிற நாட்களுக்குத்தான் மற்ற கணக்குகள் எல்லாம்.

நாமே ஓட்டினால்

சுதந்திரம் என்று பார்த்தால் இதற்கு ஈடு கிடையாது. யாரையும் காக்க வைக்கவில்லை என்கிற நிம்மதி உண்டு. குழந்தை தூங்கிவிட்டால் இன்னும் அரை மணி நேரம் சும்மா ஓட்டிக்கொண்டிருக்கலாம். நல்ல சாலை, குறைந்த போக்குவரத்து, நமக்குப் பழகிய பக்கத்தில் ஓட்டுகிற நாடு என்றால் நான் இதற்கு எதிராக ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்.

ஆனால் வெளிநாடு என்றால் முதலில் தாள் வேலை இருக்கிறது. சர்வதேச ஓட்டுநர் அனுமதி என்பது ஒரே வகை இல்லை. 1949 ஜெனீவா ஒப்பந்தத்தின்படி கொடுப்பது ஒன்று, 1968 வியன்னா ஒப்பந்தத்தின்படி கொடுப்பது இன்னொன்று. முதல் வகை ஓராண்டுதான் செல்லும். ஜப்பான் 1949 வகையை மட்டுமே ஏற்கிறது. சீனா இரண்டையுமே ஏற்பதில்லை. எந்த வகையாக இருந்தாலும் சொந்த நாட்டு லைசென்ஸும் கையில் இருந்தால்தான் அது செல்லுபடியாகும். வாடகை கவுன்டரில் சும்மா ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சாவியைக் கொடுத்துவிடுவார்கள். விபத்து நடந்து இன்சூரன்ஸ் பேச்சு வரும்போதுதான் அந்தத் தாள் சரியானதா என்று பார்ப்பார்கள்.

அப்புறம் பக்கம் மாறுகிற விஷயம். உலக மக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் சாலையின் இடது பக்கம் ஓட்டும் நாடுகளில் இருக்கிறார்கள், மற்றவர்கள் வலது பக்கம். பக்கம் மாறி ஓட்டும்போது நேர்ச் சாலையில் பெரிய தொல்லை இல்லை. வெறிச்சோடிய சந்திப்பில் திரும்பும்போதும், பார்க்கிங்கிலிருந்து வெளியே வரும்போதும்தான் கை தன் பழைய வழக்கத்துக்குப் போகும். எதிரே ஒரு வண்டி வந்தாலாவது அதைப் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம். காலியான சாலையில் அந்த உதவியும் இல்லை.

ஒவ்வொரு நாட்டிலும் வெளியூர்க்காரருக்குத் தெரியாத கண்ணி ஒன்று இருக்கிறது. இத்தாலியின் பழைய நகர மையங்களில் அனுமதி பெற்ற வண்டிகள் மட்டும் நுழையலாம் என்று பகுதிகள் ஒதுக்கியிருக்கிறார்கள். நுழைவில் கேமரா இருக்கும், ஆள் இருக்க மாட்டார். நாம் வீடு திரும்பி மாதக்கணக்கில் ஆனபிறகு அபராதச் சீட்டு வரும், வாடகைக் கம்பெனி தன் பங்குக்கு ஒரு கட்டணத்தையும் சேர்த்துக்கொள்ளும். ஐஸ்லாந்தில் எஃப் எழுத்தோடு தொடங்கும் மலைச் சாலைகளில் நான்கு சக்கர இழுவை உள்ள வண்டிகள் மட்டுமே போகலாம். அந்த வண்டியிலேயே போனாலும், ஆற்றைக் கடக்கும்போது தண்ணீர் புகுந்து கெட்டால் வழக்கமான வாடகை இன்சூரன்ஸ் கைகொடுக்காது. உள்ளூர் டிரைவருக்கு இதெல்லாம் தினசரி விஷயம். நமக்கு ஒவ்வொன்றும் ஒரு பாடம், அதற்குக் கட்டணமும் உண்டு.

இவற்றையெல்லாம் விட எனக்கு உறுத்துவது வேறொன்று. ஓட்டுகிறவருக்கு அன்று விடுமுறை இல்லை. மலைப்பாதையில் அக்கா வீட்டுக்காரர் ஓட்டிய நாளில் நாங்கள் எல்லோரும் "அதோ பாருங்க, அதோ பாருங்க" என்று கத்திக்கொண்டே போனோம். அவர் சாலையைத்தான் பார்த்தார். இரவு படங்களை எடுத்துக் காட்டியபோது, "இது எந்த இடம்?" என்று கேட்டார். அன்றைக்குப் பிறகு மலை என்றால் நாங்கள் யாரும் ஓட்டுவதில்லை.

டூர் பஸ்

தனியாகப் போகிறவருக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்வது இதைத்தான். டிரைவருக்கான கட்டணம் வண்டிக்கு, டூர் கட்டணம் தலைக்கு. ஒருவர் மட்டும் போனால் முழு வண்டியின் செலவும் அவர் தலையில் விழும். இரண்டு பேர் என்றால் இழுபறி. நாலு பேர் என்றால் பெரும்பாலும் வண்டியே மலிவாகவோ சமமாகவோ வந்துவிடும். கணக்கு எளிதுதான். டிரைவர் சொல்லும் முழுத் தொகையை ஆட்களின் எண்ணிக்கையால் வகுத்து, டூரின் தலைக்கட்டணத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வைக்கும்போது டூரில் நுழைவுச்சீட்டும் கைடும் சேர்த்தியா என்று பார்க்க மறக்காதீர்கள். டிரைவர் சொல்லும் தொகையில் அவை இரண்டும் இருக்காது.

டூரில் எரிச்சலூட்டுவது நேரம். ஒவ்வொரு ஓட்டலாகப் போய் ஆட்களை ஏற்றுவதிலேயே காலையில் ஒரு மணி நேரம் போகும். முதலில் ஏறியவர் மாலையில் கடைசியாக இறங்குகிற நிலைமையும் உண்டு. நமக்குப் பிடிக்காத இடத்தில் ஒரு மணி நேரமும், பிடித்த இடத்தில் 20 நிமிடமும் தருவார்கள். அம்மாவோடு போன ஒரே ஒரு டூரில், அவர் படியில் மெதுவாக இறங்கிவர, 30 பேர் ஏறி உட்கார்ந்து ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அடுத்த இடத்தில் அம்மா இறங்கவே இல்லை. "நீங்க போயிட்டு வாங்க, எனக்கு இங்கேயே நல்லாருக்கு" என்றார். நன்றாக இல்லை என்று எனக்குத் தெரியும்.

ரயில், பஸ், அப்புறம் ஒரு கலப்பு வழி

ரயிலைப் பற்றி ஏற்கெனவே சொல்லிவிட்டேன். பஸ்ஸில் போவதென்றால், போகிற நேரத்தைப் பார்ப்பதற்கு முன்னால் திரும்பி வரும் கடைசி பஸ்ஸின் நேரத்தைப் பாருங்கள். சிற்றூர்களில் அது மாலை நாலு மணிக்கே போய்விடலாம்.

பலரும் யோசிக்காத ஒரு கலப்பு வழி இருக்கிறது. பெரிய தூரத்தை ரயிலில் கடந்து, பக்கத்து ஊர் நிலையத்தில் இறங்கி, அங்கே அரை நாளுக்கு மட்டும் உள்ளூர் டாக்சி எடுப்பது. தங்கும் ஊரிலிருந்தே வண்டி எடுத்தால் போக 120, வர 120 கிலோமீட்டர் நெடுஞ்சாலைக்கும் சேர்த்துக் கொடுக்கிறோம். அந்தத் தூரத்தில் பார்க்க ஒன்றும் இல்லை என்றால் அது வீண்தானே? இன்னொரு நன்மையும் உண்டு. அந்த ஊர் டிரைவருக்கு அந்த ஊர் தெரியும். எந்தக் கதவு எத்தனை மணிக்குத் திறக்கும், எந்தப் பக்கம் படி குறைவு என்பதெல்லாம் நகரத்திலிருந்து வருகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. நேரம் மட்டும் ரயிலோடு கட்டுப்பட்டுவிடும். அது சம்மதம் என்றால் என் கணக்கில் பல நாட்களுக்கு இதுதான் சிறந்த வழி.

டிரைவரோடு வண்டி

இங்கே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நல்ல நாளும் கெட்ட நாளும் பிரிவது இங்கேதான்.

விலை சொல்வதில் மூன்று முறைகளைப் பார்த்திருக்கிறேன். இந்த இடங்களுக்கெல்லாம் போய்வர மொத்தம் இவ்வளவு என்பது ஒன்று. நாளுக்கு இவ்வளவு, ஆனால் இத்தனை மணி நேரம், இத்தனை கிலோமீட்டர்வரை, மிஞ்சினால் கூடுதல் என்பது இரண்டாவது. கிலோமீட்டருக்கு இவ்வளவு, காத்திருப்பு தனி என்பது மூன்றாவது. எனக்கு முதல் முறை பிடிக்கும். மீட்டரைப் பார்த்துக்கொண்டே ஊர் பார்க்க வேண்டியதில்லை. இரண்டாவது முறை என்றால் கிலோமீட்டரையும் மணியையும் எங்கிருந்து எண்ணத் தொடங்குகிறார்கள் என்று கேட்டுவிடுங்கள். நம் வாசலிலிருந்தா, வண்டி ஷெட்டிலிருந்து கிளம்பியதிலிருந்தா? ஷெட் 25 கிலோமீட்டர் தள்ளி இருந்தால் போக வர 50 கிலோமீட்டர் நாம் ஏறாமலேயே ஓடியிருக்கும். எண்ணெய், டோல், பார்க்கிங், டிரைவரின் சாப்பாடு எல்லாம் இதில் அடக்கமா என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். வாட்ஸ்அப்பில் ஒரு வரி போதும். மாலையில் வாசலில் நின்று வாதாடுவதை அந்த ஒரு வரி தவிர்த்துவிடும்.

யார் மூலம் எடுப்பது என்பதிலும் வித்தியாசம் இருக்கிறது. தங்குமிடத்தில் சொன்னால் அவர்களுக்கு ஒரு கமிஷன் போகும், விலை கொஞ்சம் ஏறும். ஆனால் நாளைக்கு ஏதாவது தவறு நடந்தால் முகத்துக்கு நேராகக் கேட்க ஆள் இருப்பார். இணையத் தளத்தில் எடுத்தால் விலை வெளிப்படை, மற்றவர்களின் மதிப்புரையும் கிடைக்கும். ஆனால் நாம் படித்த மதிப்புரை ஒருவரைப் பற்றியும் வந்து நிற்பவர் இன்னொருவராகவும் இருக்கலாம். ஏற்கெனவே போய்வந்த ஒருவர் தரும் எண்ணில் நேரடியாகப் பேசுவதுதான் எனக்குப் பிடித்தது. பணம் முழுதும் ஓட்டுகிறவர் கைக்கே போகும், தன் பெயரைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும் என்கிற அக்கறையும் அவருக்கு இருக்கும். இதில் ஒரு குறை உண்டு. அவருக்கு அன்று காய்ச்சல் வந்தால் மாற்று ஏற்பாடு இருக்காது. முந்தின நாளே அதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

வண்டி வாடகைக்கு ஓட அனுமதி பெற்றதா என்பதை நம்பர் பிளேட்டே பல நாடுகளில் சொல்லிவிடும். ஜப்பானில் ஆட்களை ஏற்றும் வாடகை வண்டிக்குப் பச்சை பிளேட், சொந்த வண்டிக்கு வெள்ளை. இந்தியாவில் டாக்சிக்கு மஞ்சள் பிளேட்டில் கறுப்பு எழுத்து. சொந்த வண்டியை வாடகைக்கு ஓட்டுகிறவர் குறைந்த விலை சொல்வார், நல்ல மனிதராகவும் இருக்கலாம். ஆனால் விபத்து என்று வந்தால், வாடகைக்கு ஆள் ஏற்றியதைக் காரணம் காட்டி இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரித்துவிட முடியும். அந்தத் துணிச்சலை நான் குடும்பத்தோடு எடுப்பதில்லை.

சோர்வு பற்றி

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஒருமுறை ஒரு ஏஜென்சி மூலம் வண்டி எடுத்தோம். காலை ஆறு மணிக்குச் சரியாக வந்துவிட்டார், சட்டை மடிப்புக் கலையாமல். இளைஞர், பேச்சும் மரியாதை. மதியம் மூன்று மணிக்குத் திரும்பும் வழியில் நான் முன்சீட்டில் இருந்தேன். அவர் கை அடிக்கடி பின்கழுத்துக்குப் போவதைப் பார்த்தேன். கொஞ்ச நேரம் கழித்து ஏசியை அணைத்துவிட்டுத் தன் பக்க ஜன்னலை இறக்கினார். அப்புறம் வண்டி சாலையோர வெள்ளைக் கோட்டைத் தொட்டுத் திரும்பியது. ஒருமுறை என்றால் பள்ளம் என்று நினைத்திருப்பேன், இரண்டாம் முறையும் தொட்டது. "தம்பி, ராத்திரி எப்போ தூங்கினீங்க?" என்று கேட்டேன். கொஞ்சம் தயங்கிவிட்டு, விமான நிலையத்துக்கு ஒரு சவாரி போய் விடியற்காலை மூன்றரைக்குத்தான் வந்ததாகச் சொன்னார். எங்கள் சவாரிக்கு ஐந்து மணிக்கு எழுந்துவிட்டார். ஒன்றரை மணி நேரத் தூக்கம். அடுத்த மரநிழலில் வண்டியை நிறுத்தச் சொன்னோம். சீட்டைச் சாய்த்துப் படுத்த ஒரு நிமிடத்தில் தூங்கிவிட்டார். நாங்கள் வெளியே நின்றுகொண்டிருந்தோம், 40 நிமிடம். எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. இரண்டு சவாரியை அடுத்தடுத்து அவர் தலையில் கட்டியவர்கள் மேல்தான் வந்தது.

17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் கவனம், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவரின் அளவுக்குக் குறைந்துவிடும் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பல நாடுகளில் வண்டி ஓட்டச் சட்டம் வைத்திருக்கும் வரம்பே அந்த 0.05தான். பின்னிரவைப் போலவே பிற்பகல் இரண்டிலிருந்து நாலு மணி வரையும் உடம்பு இயல்பாகவே தூக்கத்துக்குச் சாயும். ஒரு நாள் பயணத்தில் பெரும்பாலும் நாம் திரும்பும் வழியில் இருப்பதும் அந்த நேரத்தில்தான்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் பஸ் டிரைவர்களுக்குத் தெளிவான விதி உண்டு. நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வு, ஒரு நாளில் மொத்தம் 9 மணி நேரம், வாரத்தில் இரண்டு நாள் மட்டும் 10 மணி நேரம்வரை. டிரைவரையும் சேர்த்து ஒன்பது பேருக்கு மேல் ஏறும் வண்டிகளுக்குத்தான் இது. நாம் எடுக்கிற சின்னக் கார் இந்த விதிக்குள் வராது. ஆகவே அந்த அளவுகோலை நாமே கையில் எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

என் கணக்கு அதைவிடக் கொஞ்சம் கறார். வாசலிலிருந்து வாசல்வரை 10 மணி நேரம், அதில் ஓட்டம் ஐந்து மணி நேரத்துக்கு மேல் போகக்கூடாது. மிச்சம் ஐந்து மணி நேரம். ஓரிடத்துக்கு ஒன்றரை மணி நேரம் வைத்தால் மூன்று இடம், அப்புறம் சாப்பிட அரை மணி. நாலாவது இடத்தைச் சேர்த்தால் ஏதோ ஒன்றிலிருந்து நேரத்தைத் திருடியாக வேண்டும், பெரும்பாலும் அது டிரைவரின் சாப்பாட்டு நேரமாகவோ திரும்பும் வழியின் வேகமாகவோதான் இருக்கும். தூரத்தைக் கிலோமீட்டரில் பார்த்து ஏமாறாதீர்கள். மலைப்பாதையில் மணிக்கு 30, 35 கிலோமீட்டர்தான் நான் கணக்கில் எடுப்பது. "இன்னும் ஒரு இடம் பார்த்துடலாம்" என்று எங்கள் வீட்டிலும் கிளம்பும். நான் சம்மதிப்பதில்லை.

வண்டி வந்ததும் பின்சீட்டில் உட்கார்ந்து சீட் பெல்ட்டை இழுத்துப் பாருங்கள். பல வண்டிகளில் சீட் கவருக்கு அடியில் கொக்கி புதைந்து கிடக்கும். சீட் பெல்ட் போடுவது உயிரிழக்கும் ஆபத்தைப் பாதிவரை குறைக்கும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கவரை விலக்கிக் கொக்கியை வெளியே எடுத்துத் தரச் சொல்வதில் கூச்சமே வேண்டாம். குழந்தைக்கான சீட் வேண்டுமென்றால் குழந்தையின் எடையைச் சொல்லி முன்பே கேட்க வேண்டும். காலையில் வாசலில் கேட்டால் கிடைக்காது.

கடைகளும் கைடும்

டிரைவர் நம்மைக் கைவினைப்பொருள் கடைக்கு அழைத்துப்போவது பற்றிப் பலர் கசப்போடு பேசுவார்கள். அதன் பின்னால் இருப்பது எளிய கணக்குதான். நாம் வாங்கினால் விற்பனையில் ஒரு பங்கு அவருக்குப் போகும். நாள் வாடகை மிகக் குறைவாக இருக்கிறது என்றால் அந்தக் குறையை ஈடுகட்டுவது அந்தப் பங்காகத்தான் இருக்கும். அதனால் அடிமட்ட விலை சொல்பவரைத் தேடிப் போகிறவர், தன் நாளில் ஒன்றிரண்டு மணி நேரத்தை அந்தக் கடைகளுக்குக் கொடுக்கத் தயாராகிக்கொள்ள வேண்டும். நான் நியாயமான விலைக்கு ஒப்புக்கொண்டு, "கடை எதுவும் வேண்டாம், வேண்டுமென்றால் நாங்களே சொல்கிறோம்" என்று முன்பே எழுதிவிடுவேன். யாரும் அதைத் தவறாக எடுத்துக்கொண்டதில்லை.

டிரைவர் வேறு, கைடு வேறு. கிரீஸிலும் இத்தாலியிலும் வரலாற்றுத் தலங்களில் ஆட்களுக்கு விளக்கம் சொல்ல உரிமம் பெற்ற கைடுகளுக்குத்தான் அனுமதி. டிரைவர் வாசல்வரை கதை சொல்லலாம், உள்ளே வந்து சொல்லக்கூடாது. வரலாறு முக்கியமான நாள் என்றால் கைடைத் தனியாக இரண்டு மணி நேரத்துக்கு ஏற்பாடு செய்வதுதான் நல்லது.

டிரைவருக்குத் தெரிந்தது வேறு மாதிரி அறிவு. ஒரு கோட்டையில் பார்க்கிங்கிலிருந்து நுழைவு வாசல்வரை செங்குத்தான ஏற்றம். அம்மா நிமிர்ந்து பார்த்துவிட்டு முகத்தை மாற்றிக்கொண்டார். எங்கள் டிரைவர் ஐம்பது வயதுக்காரர், அதிகம் பேசாதவர். ஒன்றும் சொல்லாமல் வண்டியைத் திருப்பி, கோட்டைச் சுவரின் பின்பக்கம் சுற்றி, சாமான் வண்டிகள் போகும் ஒரு வாசலுக்குக் கொண்டுபோனார். காவலாளியிடம் இரண்டு வார்த்தை பேசினார். அங்கிருந்து மேல்முற்றத்துக்கு ஒன்பதே படிகள். மழை பிடித்துக்கொண்டபோது கீழே வந்து பார்த்தால், கையில் இரண்டு குடையோடு படியருகில் நின்றுகொண்டிருந்தார். "அம்மா நனையக்கூடாதே" என்றார். காத்திருப்பதற்குக் காசு கொடுக்கிறோம் என்று முன்னால் சொன்னேனே, அது இதுதான்.

அடுத்த மாதம் எங்களுக்கு நாலு நாள் பயணம் இருக்கிறது. முதல் நாள் ஊருக்குள் நடை, வண்டி எதுவும் இல்லை. இரண்டாம் நாள் ஒரே இடம், ரயிலில் போய் ரயிலில் வருகிறோம். மூன்றாம் நாள் அம்மாவுக்கு முழு ஓய்வு, அக்கா குடும்பம் மட்டும் டூர் பஸ்ஸில் போகிறது. நாலாம் நாள்தான் மலை, மூன்று இடங்கள். அதற்கு டிரைவரிடம் பேசிவிட்டேன். விலை, டோல், பார்க்கிங், கிளம்பும் நேரம், கடை வேண்டாம் என்பது, அக்கா மகனுக்காக வளைவுகளில் மெதுவாகப் போக வேண்டும் என்பது எல்லாவற்றையும் எழுதி அனுப்பினேன். கடைசியாக, முந்தின இரவு வேறு சவாரி இருக்கிறதா என்றும் கேட்டிருந்தேன். பதில் நேற்று வந்தது. "இல்லைங்க, அன்னைக்கு சாயங்காலம் அஞ்சு மணிக்கே வீட்டுக்குப் போயிடுவேன். காலையில ஏழு மணிக்கு வாசல்ல இருப்பேன்."